புகையிரதம் நின்ற இடத்தில் பயணம் முடிந்துவிடுமா?

பயணம் என்பது வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிவது. இடையில் எத்தனை வண்டி மாறினாலும், எத்தனை திணைக்களங்களின் எல்லையைக் கடந்தாலும், பயணிக்கு அது ஒரே பயணந்தான். இந்த எளிய உண்மையை இந்நாட்டின் போக்குவரத்தை நடத்துவோர் இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் புகையிரதம் ஒரு காரியம். பஸ் வேறொரு காரியம். இரண்டிற்கும் நடுவே, விடியாத இருளில், மூட்டையும் குழந்தையுமாக நிற்கின்ற மனிதர் எவருடைய காரியமும் அல்லர்!

இரவு மெயில் வண்டியைப் பற்றியும், அதிலிருந்து இறங்குவோரை ஊர் சேர்க்க வேண்டிய பஸ் வண்டியைப் பற்றியும் தலையங்கம் தீட்டுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அரசியலமைப்பையும் அதிகாரப் பகிர்வையும் பேசும் ஏட்டிற்கு இஃது அற்பப் பொருளாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கொழும்புப் புதுக்கடையிலேயே அமர்கின்றன. அமைச்சுகளின் தலைமைச் செயலகங்களும் கொழும்பையும் அதன் அயலையும் விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை நாடி மகரகமைக்குச் செல்வோர் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் பலர். எல்லாவற்றையும் தலைநகரில் குவித்து வைத்துள்ள ஓர் அரசு, அத்தலைநகருக்குப் போய்வரும் வழியையும் செம்மையாக வைத்திருக்கக் கடமைப்பட்டதன்றோ? நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது என்று கூறிவிட்டு, அக்கதவை அடையும் பாதையைப் பாதியில் விட்டுவிடுவது என்ன நியாயம்?

இரவு வண்டியின் சிறப்பை நமது மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழும்பு மாநகருக்கு முதல் வண்டியை யாழ்ப்பாணம் கண்ட ஆண்டு 1905. அன்று தொட்டு, குடாநாட்டின் உத்தியோகத்தரும் வணிகரும் வடபாதையையே தம் வாழ்வின் நரம்பாகக் கொண்டனர். 1956 ஏப்ரலில் யாழ்தேவி பகற்பயணத்தைத் தொடங்கிய பின்னரும் இரவு மெயிலின் மதிப்புக் குறையவில்லை. வெள்ளி இரவு கோட்டையில் ஏறிச் சனி காலை மனைவி மக்களைக் கண்டு, ஞாயிறு இரவு மீண்டும் ஏறித் திங்கட் காலை கந்தோரில் கையொப்பமிட்ட ஒரு தலைமுறையை நாம் அறிவோம். படுக்கையில் சாய்ந்தவருக்கும் ஆசனத்தில் அமர்ந்தபடி உறங்கியவருக்கும் அவ்வண்டி ஒரே நன்மையைச் செய்தது. இரவு பயணத்திற்குப் போயிற்று. பகல் வேலைக்கு மிஞ்சிற்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ விடுதிக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. இரண்டு நாட் கூலியை இழக்க வேண்டிய கமக்காரர் ஒரு நாளோடு தப்பினார். ஏழைக்கு நேரமும் பணமும் வேறு வேறல்ல.

அந்தப் பாதை 1990 இல் வவுனியாவிற்கு வடக்கே அறுந்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்து சேர்ந்தது. அதன் பின்னரும் சோதனைகள் தீரவில்லை. 2023 ஜனவரியில் அநுராதபுரத்திற்கும் வவுனியாவிற்கும் இடையிலும், 2024 ஜனவரியில் மாகோவிற்கும் அநுராதபுரத்திற்கும் இடையிலும் திருத்த வேலைக்காகப் பாதை மூடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் புகையிரதப் பாதைகளைச் சிதைத்தது. வண்டி ஓடாத காலங்களில் மக்கள் நாடியது எதை? பஸ்ஸையே. ஆகவே பஸ் புகையிரதத்தின் போட்டியாளனன்று, அதன் மறுபாதி. இந்த உறவை இடர் வந்த காலத்தில் மட்டும் நினைத்து, இடர் நீங்கியதும் மறந்துவிடுவதே நமது முறைப்பாடு.

புகையிரதம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று நோக்குக. முல்லைத்தீவு மாவட்டத்தினுள் மாங்குளத்தில் புகையிரத நிலையம் உண்டு. ஆனால் மாவட்டத்தின் தலைநகரமோ அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கிழக்கே, 1928 இல் திறக்கப்பட்ட பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என விரியும் கரையோரத்திற்குப் புகையிரதமே கிடையாது. அம்பாறை மாவட்டம் முழுவதிலும் ஒரு நிலையந்தானும் இல்லை. வடமராட்சியார் கொடிகாமத்திலோ யாழ்ப்பாணத்திலோ இறங்கிப் பஸ் ஏற வேண்டும். நெடுந்தீவாருக்கோ புகையிரதம், குறிகட்டுவான்வரை பஸ், அதற்கப்பால் படகு என மூன்று ஊர்தி. இவர்களுக்கெல்லாம் இரவு மெயில் பயன் தருவதும் தராது விடுவதும் அது நிற்கும் நிலையத்தின் வாசலில் ஒரு பஸ் நிற்பதைப் பொறுத்தது. பஸ் இல்லையேல் நடப்பதென்ன? விடியும்வரை வாங்கில் குந்தியிருத்தல். அல்லது முச்சக்கர வண்டிக்குப் புகையிரதக் கட்டணத்திலும் மேலாகக் கொடுத்தல். இரவில் மிச்சம்பிடித்த காசு காலையில் பறிபோகிறது. தனியே வரும் பெண்ணுக்கும், சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளிக்கும் காசு மட்டுமா இழப்பு?

இவ்விணைப்பு இயலாத காரியமா? இதே மண்ணில், இதைவிடக் கடினமான இணைப்பொன்று அரை நூற்றாண்டு நடந்தேறியது. 1914 இல் தொடங்கிய இந்திய இலங்கைப் படகு மெயிலை மறந்தோமா? சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடிவரை புகையிரதத்திலும், அங்கிருந்து தலைமன்னார்வரை நீராவிக் கப்பலிலும், பின்னர் கொழும்புவரை மீண்டும் புகையிரதத்திலும் சென்றார். இரண்டு நாட்டு நிருவாகங்கள். நடுவே ஒரு கடல். ஆயினும் பயணச் சீட்டு ஒன்றே! கப்பல் வரும்வரை வண்டி காத்திருந்தது. வண்டி வரும்வரை கப்பல் காத்திருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வொழுங்கு நிலைத்தது. பாக்கு நீரிணையைத் தாண்டிச் செல்லுபடியான சீட்டு, மாங்குளம் சந்தியைத் தாண்டிச் செல்லாதெனின், குறை தூரத்தில் இல்லை, மனத்தில் உள்ளது. சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் தபால் பஸ் வண்டிகள் புகையிரத நேரத்தைத் தழுவியே ஓடுகின்றன. அவ்வளவு தொலைவு சென்று பாடம் படிக்க வேண்டியதில்லை. நம் தலைமன்னாரே போதிய ஆசான்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். புகையிரதம் 1902 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த திணைக்களத்தின் கையில் உள்ளது. அரச பஸ், 1958 ஜனவரி முதலாந் திகதி பிறந்த போக்குவரத்துச் சபையின் வாரிசாய், 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் உள்ளது. மாகாணங்களுக்கிடையிலான தனியார் பஸ் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். மாகாணத்தினுள் ஓடும் தனியார் பஸ்ஸோ மாகாண அதிகாரசபையிடம். மாங்குளம்வரை சீட்டு விற்ற திணைக்களத்தின் ஒப்பந்தம் மாங்குளம் மேடையிலே முடிகிறது. பஸ்காரரின் ஒப்பந்தம் பயணி ஏறிக் காசு கொடுத்த பின்னரே தொடங்குகிறது. இடையிலுள்ள இரண்டு மணி நேரத்திற்குச் சட்டத்தில் பொறுப்பாளி இல்லை. பொறுப்பாளி இல்லாத இடத்தில் குற்றவாளியும் இல்லை. துன்பம் மட்டும் உண்டு.

இவ்விடத்தில் மனம்விட்டு ஒன்றைக் கூறுவோம். புகையிரதம் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். ஆனால் மாகாணத்தினுள் நடைபெறும் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவது, 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணத்திற்குத் தரப்பட்ட அதிகாரம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவிற்குச் செல்லும் வீதி முழுவதும் வடமாகாணத்திற்குள்ளேயே கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதி முழுவதும் கிழக்கு மாகாணத்திற்குள்ளேயே கிடக்கிறது. எனவே இக்குறைக்குக் கொழும்பை மட்டும் சாடிவிட்டு ஓய்வது நேர்மையாகாது. அரச பஸ்ஸிற்கும் தனியார் பஸ்ஸிற்குமிடையே இணைந்த நேர அட்டவணை பற்றிய பிணக்கு வடக்கில் ஆண்டுக்கணக்காக இழுபட்டு வந்துள்ளது. 2013 முதல் 2018 வரை மக்கள் தெரிந்த சபை வடக்கில் இருந்தது. அதன் காலம் முடிந்த பின் ஆண்டுகள் பல ஆளுநர் நிருவாகத்திலேயே கழிந்தன. அதிகாரம் போதாது என்று வாதிடுவது நமது உரிமை. உள்ள அதிகாரத்தைக் கொண்டு ஒரு பஸ்ஸையாவது உரிய நேரத்தில் நிறுத்திக் காட்டுவது அவ்வாதத்திற்கு வலுவூட்டும் சாட்சியம். சாட்சியமற்ற வாதம் எந்த மன்றிலும் நிலைப்பதில்லை.

எதிர்த்தரப்பார் இரண்டு நியாயங்கள் கூறுவர். கொழும்பிலிருந்து ஊருக்கே நேராகச் செல்லும் இரவு பஸ்கள் உள்ளனவே, புகையிரதம் எதற்கு என்பது முதலாவது. முதியவரும் நோயாளியும் இரவு முழுவதும் பஸ் ஆசனத்தில் முடங்கிக் கிடக்க முடியுமா? சாரதியின் ஒரு கண நித்திரை எத்தனை குடும்பங்களை அழித்துள்ளது என்பதை நமது நெடுஞ்சாலைகள் சொல்லும். அன்றியும், அந்தத் தனியார் பஸ்கள் நிரம்பி ஓடுவதன் இரகசியம் யாது? பயணம் ஊரிலேதான் முடியும் என்பதை அவற்றின் உரிமையாளர் உணர்ந்துள்ளனர். திணைக்களம் உணரவில்லை, வேறுபாடு அவ்வளவே.

விடியற்காலையில் காத்து நிற்கும் பஸ்ஸிற்கு ஆட்கள் சேரமாட்டார்கள், நட்டம் வரும் என்பது இரண்டாவது. பஸ் இல்லாமையால் அவ்வழியே வருவோர் குறைகின்றனர். வருவோர் குறைவு என்று பஸ்ஸை விடாதிருக்கின்றனர். இச்சக்கரத்தை உடைக்க வேண்டியவர் பயணியல்லர். புதிய பஸ் வாங்குமாறு நாம் கோரவில்லை. அதே வீதியில் காலையில் எப்படியும் ஓடுகின்ற முதல் பஸ்ஸின் நேரத்தைப் புகையிரதத்தின் வரவோடு பொருத்துமாறே கோருகின்றோம். இதற்குத் திறைசேரியின் பணம் வேண்டாம். இரண்டு அலுவலர்கள் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும்.

வண்டி பிந்துகிறதே என்பர். பிந்துவதற்குத் தக்க காரணமும் உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்புப் பாதையில் வண்டி மோதி யானைகள் மாண்டன, வண்டியும் தடம்புரண்டது. காட்டினூடாக இரவில் மெதுவாகச் செல்வதே முறை. ஆகவேதான் அட்டவணையில் அச்சிட்ட நேரத்தையன்றி, வண்டி மெய்யாகவே வந்து சேரும் நேரத்தை நோக்கிப் பஸ் புறப்பட வேண்டும் என்கிறோம். நிலைய அதிபருக்கும் பஸ் சாலை முகாமையாளருக்கும் இடையே ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

நமது கோரிக்கைகள் ஐந்து. இரவு வண்டி நிற்கும் நிலையங்களில் வண்டியின் வரவை அனுசரித்து இணைப்பு பஸ் புறப்படல் வேண்டும். புகையிரதத்திற்கும் பஸ்ஸிற்கும் ஒரே பயணச் சீட்டுக் கோட்டையிலேயே வழங்கப்படல் வேண்டும். அந்த பஸ், அரசதாயினும் தனியாரதாயினும், நிலையத்தின் வாசலுக்கே வரல் வேண்டும். பெண்களும் முதியோரும் அச்சமின்றித் தங்க விளக்கொளியும் மலசலகூடமும் கொண்ட மண்டபம் அங்கே திறந்திருத்தல் வேண்டும். இணைப்பு நேரங்கள் தமிழிலும் எழுதப்பட்டு, வண்டியிலும் மேடையிலும் தமிழிலும் அறிவிக்கப்படல் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விழிப்பவருக்குத் தன் ஊரின் பெயர் தன் மொழியிற் கேட்க வேண்டாமா? தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் எழுதிய வாசகம் அதிகாலை நான்கு மணிக்கும் செல்லுபடியாதல் வேண்டும்.

நமது வாசகர்க்கும் ஒரு சொல். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் ஒரு மாத காலத்திற்கு ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்களாக. வண்டி வந்த நேரம், முதல் பஸ் புறப்பட்ட நேரம், காத்து நின்றோர் தொகை ஆகிய மூன்றையும் நாள்தோறும் பதிவாராக. கமக்கார அமைப்புகள் அக்குறிப்பின் மீது தீர்மானம் நிறைவேற்றிப் புகையிரத நிலைய அதிபருக்கும், பஸ் சாலை முகாமையாளருக்கும், மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கும், தம் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பிரதி அனுப்புவாராக. ஆவேசப் பேச்சிற்கு அதிகாரிகள் பழகிவிட்டனர். திகதியிட்ட கணக்கிற்கு இன்னும் பழகவில்லை. அதற்கு மறுமொழி கூறாதிருப்பது எளிதன்று.

நமது மக்கள் சலுகை கேட்கவில்லை. காசு கொடுத்த பயணத்தை முழுமையாகத் தருமாறே கேட்கின்றனர். மாங்குளத்தில் இறங்குபவர் மாங்குளத்திற்கு வந்தவரல்லர்; தம் வீட்டிற்கு வந்து கொண்டிருப்பவர். அவரை வீடு சேர்க்கும்வரை புகையிரதத்தின் கடமையும் முடியாது. மாகாணத்தின் கடமையும் முடியாது.