முடுக்கமும் முன்னிருப்பும்

மெய்நிகர் இயந்திர மென்பொருள்களில் வன்பொருள் முடுக்கம் முழுவதும் தொடக்கத்திலேயே இயங்குநிலையில் இருத்தல் வேண்டும் என்போர் உளர். வேகம் கையிலிருக்க அதனைப் பூட்டி வைப்பானேன் என்பது அவர்தம் வினா. அவ்வினா இரு வேறு பொருள்களை ஒரே பெயரால் மயக்குகிறது.

ஒன்று, முறைவழியாக்கியின் துணை. கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினியின் கட்டளைகளை முறைவழியாக்கியே நேரடியாக நிறைவேற்ற 2005 இல் இன்டெல்லும் 2006 இல் ஏஎம்டியும் தத்தம் சில்லுகளில் வழிசெய்தன. இதனை முன்னிருப்பாகக் கொள்வதில் மறுப்பில்லை. 2019 டிசெம்பரில் வெளியான வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 இத்துணையின்றி இயங்கவே மாட்டாது. ஆயின், கணினி உற்பத்தியாளர் பலர் பயொஸ் அமைப்பில் இவ்வசதியை அணைத்தே விற்றனர். மென்பொருள் ‘வேண்டும்’ என்கிறது. பொறி ‘இல்லை’ என்கிறது. இடையில் அகப்படுபவர் யார்? கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில், பிறர் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினியில் லினக்ஸ் பழக முனையும் மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவள் முன் தோன்றுவது ஆங்கிலப் பிழைச்செய்தி ஒன்றே. எந்த விசையை அழுத்தி எங்கே செல்வது என்று அது கூறாது. கணினியே பழுதென்று அவள் கருதினால் குற்றம் அவளுடையதன்று.

மற்றையது வரைவியல் முடுக்கம். உள்ளிருக்கும் முறைமையின் முப்பரிமாண வரைபுக் கட்டளைகளை வெளிக்கணினியின் வரைவியல் அட்டைக்குக் கடத்துவது அது. இரண்டையும் பிரிக்கும் சுவரில் துளையிடுவதை ஒக்கும். நம்பத்தகாத முறைமைகளுக்கு இதனை வழங்கலாகாது என வேர்ச்சுவல்பொக்ஸின் கைந்நூலே எச்சரிக்கிறது. 2014 இல் அம்மென்பொருளின் இதே பகுதியில், உள்ளிருப்பது வெளிக்கணினியைத் தாக்க இடந்தரும் வழுக்கள் வெளிப்பட்டன. கேளாமலே பொருத்தப்படும் உறுப்பு என்ன செய்யும் என்பதற்கு 2015 இல் அறியப்பட்ட ‘வெனம்’ வழுவும் சான்று. நெகிழ்வட்டை உலகம் ஏறத்தாழ மறந்துவிட்ட பின்னரும், கியூஎமுவின் மெய்நிகர் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியில் 2004 முதல் அது பதுங்கியிருந்தது!

வேண்டாதோர் அணைத்துக்கொள்ளட்டுமே என்பர். அணைக்க வேண்டும் என அறிந்தவருக்கே அது கைகூடும். விளையாட்டுக்கும் வரைகலைக்கும் வேகம் தேடுபவர் அமைப்புப் பக்கத்தைத் தாமே திறப்பர். காப்புத் தேவைப்படுபவரோ அப்பக்கம் இருப்பதையே அறியார். அறிந்தவர் ஒருமுறை சொடுக்குவதா, அறியாதவர் ஆபத்தைச் சுமப்பதா?

ஆதலின் முறைவழியாக்கித் துணை முன்னிருப்பாக இயங்குக. வரைவியல் முடுக்கம் கேட்டோர்க்கு மட்டும் திறக்கப்படுக. பயொஸ் மறுக்கும் வேளையில், அதனுள் நுழைந்து எவ்வசதியை இயக்குவது என்பதை அப்பிழைச்செய்தியே தமிழிற் கூறுக.