இரண்டு அங்குலச் சதுரம்

என் தொழிலில் அமெரிக்கா என்றால் இரண்டு அங்குலம். நீளமும் இரண்டு, அகலமும் இரண்டு. பின்னால் வெள்ளைத் திரை, முகத்தில் நிழல் விழக்கூடாது, 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கூடாது. கனடா விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் 1994இல் ஸ்ரூடியோ திறந்தேன். கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று பெரிய படங்கள் எடுக்கத்தான் கமரா வாங்கினேன். எனக்குச் சோறு போட்டதென்னவோ இந்தச் சின்னச் சதுரங்கள்தான்.

2004 வரை அமெரிக்கக் கிறீன் கார்ட் படத்துக்குச் சட்டம் வேறு. முகத்தை முக்கால்வாசி திருப்பி, வலது காது முழுசாகத் தெரிய வேண்டும். பிள்ளைகளிடம் போக வந்த வயதான அம்மாமாருக்கு அதை விளங்கப்படுத்துவதற்குள் ஒரு படச்சுருள் முடிந்துவிடும். "கமராவைப் பாராமல் என்னண்டு தம்பி படம் எடுக்கிறது? சாமிப் படமே நேராகத்தானே பார்க்குது" என்று ஒரு அம்மா கேட்டார். அமெரிக்காவுக்கு ஏன் வலது காது வேண்டுமென்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

என் தங்கச்சியின் வலது காதையும் நான்தான் எடுத்தேன். விசா லொத்தருக்குத் தபாலில் விண்ணப்பம் போட்ட காலம். அவளுக்கு விழுந்தது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு அறை வீட்டில் ஐந்து பேராகப் படுத்து வளர்ந்தவள், 2003இல் டெக்ஸாஸ் போய் இறங்கினாள். டெக்ஸாஸ் மாநிலத்துக்குள் மட்டும் பத்து இலங்கையை வைக்கலாம். முழு அமெரிக்கா என்றால் நூற்றைம்பது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணவீடு நடந்தாலும் பந்தி முடிய இந்தப் பட்டிமன்றம் தொடங்கும்: அங்கத்தைய வாழ்க்கையா, இங்கத்தைய வாழ்க்கையா? நானும் பேசியிருக்கிறேன். 2018இல் மூன்று மாதம் அங்கே நின்றுவிட்டு வந்த பிறகு கொஞ்சம் கூடவே பேசினேன்.

அங்கே நான் முதலில் அதிர்ந்தது ஒரு மருந்துக்கடையில். மச்சானுக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்றார், ஸ்ரூடியோவைத் தேடி வெளிக்கிட்டேன். கூட்டிப்போனது மருந்துக்கடைக்கு. காசு வாங்கும் பிள்ளை எழும்பி வந்து, சுவரில் சுருட்டியிருந்த வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, ஒரே ஒரு கிளிக். இரண்டு படம், பதினைந்து டொலருக்கு மேல். தாடைக்குக் கீழே நிழல் அப்படியே கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரிய நாட்டில் என் தொழிலுக்கு ஒரு கதிரைகூட இல்லை என்று அன்றைக்கு விளங்கியது.

இரண்டாவது, அம்புலன்ஸ். ஒரு இரவு மச்சானுக்கு நெஞ்சுவலி. பத்து நிமிடத்துக்குள் வந்தார்கள், அருமையாகப் பார்த்தார்கள், வெறும் வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். நான் திரும்பி வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு தங்கச்சி பில்லைப் படமெடுத்து அனுப்பினாள். வண்டிக்கு மட்டும் இரண்டாயிரம் டொலருக்குக் கிட்ட. இங்கே 1990க்கு அடித்தால் வரும் சுவசெரிய வண்டிக்கு ஒரு சதம் கிடையாது. 2016இல் இந்தியக் கொடையில் தொடங்கியது. எங்கள் மாடியிலிருந்து பக்கத்து வீட்டு அன்ரியை களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதான். இதைச் சொன்னால் பட்டிமன்றத்தில் கைதட்டு விழும்.

கைதட்டு விழாத விஷயமும் ஒன்று உண்டு. அங்கே ஒரு இரவு மச்சானோடு காரில் வரும்போது தூரத்தில் பொலிஸ் வண்டியின் நீலமும் சிவப்பும் தெரிந்தது. என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தடவியது. மச்சான் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அவரும் கொட்டாஞ்சேனைக்காரர். மூன்று மாதத்தில் என்னை ஒருவரும் மறித்து, எங்கே பிறந்தாய், கொழும்பில் என்ன வேலை, பொலிஸில் பதிந்தாயா என்று கேட்கவில்லை. நான் பிறந்த நகரத்தில் அதை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று எனக்கே கணக்கில்லை.

2022 வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, எரிவாயு சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. தங்கச்சி அனுப்பிய டொலரில்தான் கடை வாடகை கட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். மின்சாரம் ஓரளவு திரும்பியதும், 28 வருடத்தில் காணாத கூட்டம் கடைக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் இலங்கை ஒன்பது இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு வழங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வேண்டுமே. நாடு முறிந்த வருடம் எனக்கு நல்ல வருடம்.

இவ்வளவும் சொன்னது, நாங்கள் வழக்கமாகத் தராசில் வைப்பவை இவைதான் என்பதற்காக. ஆஸ்பத்திரி, சம்பளம், பள்ளிக்கூடம், வெயில், தனிமை. ஆனால் தராசின் ஒரு தட்டில் நாங்கள் வைக்கும் அமெரிக்கா, சதுரப் படம் ஒட்டிய கடுதாசியோடு போன என் தங்கச்சி வாழும் அமெரிக்கா மட்டும்தான். இன்னொரு அமெரிக்கா இருக்கிறது. தில்லியைவிட எங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அதன் பரப்பு 27 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாநகர சபை எல்லையே 37.

டியேகோ கார்சியா. கொழும்பிலிருந்து தெற்கே, சற்று மேற்காக, சுமார் 1,800 கிலோமீட்டர் கடல். பெயருக்குப் பிரித்தானியாவின் ஆள்புலம். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று வருடம் முந்தி, 1965இல், டியேகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை அதிலிருந்து வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் டியேகோ கார்சியாவை இராணுவத் தளத்துக்கென்று அமெரிக்காவுக்கு விட்டார்கள். 1968க்கும் 1973க்கும் இடையில் அந்தத் தீவுகளின் சனம் முழுவதையும் கப்பலேற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து அடைத்து நச்சுப் புகை விட்டுக் கொன்றார்கள். தங்கச்சி வீட்டில் நாய்க்கென்று தனி வைத்தியர் இருக்கிறார். அதே வல்லரசுக்காகத்தான் இதுவும் நடந்தது.

அந்தத் தளத்தில் இன்றைக்கு அமெரிக்க வாழ்க்கை அப்படியே பெட்டியில் அடைத்து இறக்கப்பட்டிருக்கிறது. கொடி பிரித்தானியாவினது, கையில் புழங்குவது டொலர். சுவரிலுள்ள மின்சாரச் செருகி அமெரிக்க வடிவம். படம் பார்க்கவும் பந்துருட்டி விளையாடவும் இடம் இருக்கிறது.

2021 ஒக்டோபர் 3ஆம் திகதி, இந்தியாவிலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, பிரித்தானியக் கடற்படையின் துணையோடு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே 89 தமிழர்கள், எங்கள் நாட்டவர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். 35க்கு 45 படம் எதுவும் இல்லாமல் கனடாவுக்குப் போக வெளிக்கிட்டவர்கள். வேலி போட்ட ஒரு சின்ன முகாமில், கூடாரங்களில் வைத்தார்கள். தனியார் பாதுகாப்புக் கம்பனியின் காவல். கூடாரத்துக்குள் எலி. கடல் கூப்பிடு தூரத்தில். நினைத்தபோது போய்க் கால் நனைக்க முடியாது. உண்ணாவிரதம் இருந்தார்கள். உயிரை மாய்க்க முயன்றவர்களும் உண்டு. சிலரை வைத்தியத்துக்கென்று றுவாண்டாவுக்கு அனுப்பினார்கள். இப்படி மூன்று வருடம்.

வழக்குப் போட்டார்கள். விசாரணை 2024 ஜூலையில் அந்தத் தீவிலேயே நடக்க இருந்தது. நீதிபதியும் சட்டத்தரணிகளும் தளத்துக்குள் வர அமெரிக்கா சம்மதிக்கவில்லை, தள்ளிப்போனது. தீவு ஒருவருடையது, கதவுச் சாவி இன்னொருவரிடம். செப்டெம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி முகாமை நேரில் போய்ப் பார்த்தார். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே மீதி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 16ஆம் திகதி தீர்ப்பு வந்தது: இத்தனை காலமும் அவர்களைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தத் திகதியைக் கண்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1971 டிசம்பர் 16ஆம் திகதிதான் ஐ.நா. பொதுச்சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்தது. முன்னின்று கொண்டுவந்தது சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம். பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் போட்டிக்கு நாங்கள் பாடமாக்கிய விடை அது. வல்லரசுகள் தளம் போடக்கூடாது என்று அன்றைக்கு உலகத்துக்கே சொன்ன குட்டி நாட்டின் பிரஜைகள், 53 வருடம் கழித்து அதே திகதியில், அதே சமுத்திரத்து வல்லரசுத் தளம் ஒன்றின் வேலிக்குள் அடைபட்டுக் கிடந்ததற்கு நியாயம் பெற்றார்கள், அதுவும் பிரித்தானிய ஆள்புலத்து நீதிமன்றத்தில்.

உடனே கொழும்பு பரவாயில்லை என்று யாரும் எழும்ப வேண்டாம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று சொன்னார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். காரணம் இல்லையாம். மருந்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் காத்திருந்த சனம் அது. அந்தக் காரணங்கள் எட்டு எட்டுப் பிரதியாக என் கடை மேசையில் கிடந்தன. வாங்க வராத படங்களை ஒரு வருடம் வைத்திருந்தேன். நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள்.

ஆகவே என் கருத்து இது. பெரிய நாடா சின்ன நாடா என்ற பட்டிமன்றம் பிழையான பட்டிமன்றம். கடுதாசி உள்ளவனுக்கு ஜம்பட்டா வீதி ஒற்றை அறையும் விசாலம்; இல்லாதவனுக்கு வல்லரசின் தளமும் ஒரு கூடாரம்தான். எங்கள் சனம் நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுக்கும்போது அவன் காட்டுவது என் தங்கச்சியின் வீட்டைப் போன்ற ஒரு வீட்டின் படம். கூடாரத்தின் படத்தை அவன் காட்டுவதில்லை. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்டு வியட்நாம் பக்கக் கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட 303 பேருக்கும் அவன் காட்டியிருக்க மாட்டான். கடைக்கு வந்த பத்துப் பேரிடம் டியேகோ கார்சியாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு அது உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் பெயர் மாதிரி இருந்ததாம்.

இப்போது மேசைக் கண்ணாடிக்குக் கீழே இந்து சமுத்திரத்தின் வரைபடம் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் சிவப்பு மையால் ஒரு புள்ளி. படகுக்குக் காசு கட்ட நினைத்திருக்கும் தம்பிமாரே, கட்டுவதற்கு முதல் ஒரு தடவை கடைக்கு வாருங்கள். 102 பஸ்ஸில் ஏறினால் கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே வரலாம். படம் எடுக்க வேண்டியதில்லை.