புகார் நகரும் புதினங்களும்

புகார் நகரத்தைக் களமாகக் கொண்ட நாவல்களை மாணவர் மிக விரும்பிப் படிக்கின்றனர். அதனால் பழந்தமிழ்ப் பயிற்சி குன்றும் என்று அஞ்சும் புலவர் சிலர் உளர். அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. நா. பார்த்தசாரதியின் 'மணிபல்லவ'த்தைப் படித்து முடித்தபின் சிலப்பதிகாரத்து இந்திரவிழாவைத் தேடி வந்த மாணவரை நான் அறிவேன். நாவல் வாயிலாகக் காப்பியத்துட் புகுவோரைத் தடுப்பது அறிவுடைமையாகாது.

எனினும், அந்நாவல்களை நோக்கி ஒரு வினா எழுப்புதல் நம் கடன். அவற்றில் நகரம் வாழ்கின்றதா? அன்றி, வாட்போருக்கும் காதலுக்கும் பின்னே தொங்கும் திரைச்சீலையாக நிற்கின்றதா?

பட்டினப்பாலை காட்டும் புகாரை எண்ணிப் பாருங்கள். கடல்வழி வந்த குதிரை, மிளகுப் பொதி, தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், ஈழத்திலிருந்து வந்த உணவு ஆகியவை அங்குக் குவிகின்றன. சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மேற் புலி முத்திரை பொறிக்கின்றனர். முழுமதி நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது சுறாக்கொம்பு நட்டு வழிபடுகின்றனர். இவை அனைத்திற்கும் மேலாக, பல மொழி பேசும் பல நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் கலந்து இனிது வாழும் ஊர் என்பதையே அந்நகரின் பெருமையாகப் புலவர் உருத்திரங்கண்ணனார் போற்றுகின்றார்.

சாண்டில்யனின் 'யவன ராணி'யில் அப்பெருமை என்னவாயிற்று? கதை விறுவிறுப்பானது, ராணியின் பாத்திரமும் கண்ணியத்தோடு படைக்கப்பட்டது. ஆனால், யவனர் அங்கே தமிழ் மண்ணில் தம் ஆட்சியை நாட்டச் சூழ்ச்சி செய்வோராகவே பெரிதும் வருகின்றனர். மருவூர்ப்பாக்கத்திற் குடியிருந்து, அயல்வீட்டாரோடு கொண்டு கொடுத்து வாழ்ந்த யவன வணிகன் நம் நெஞ்சில் நிற்பதில்லை. வேற்றுமொழியாளன் என்றால் ஒற்றன் அல்லது பகைவன் என்னும் எண்ணமே இளம் வாசகர் உள்ளத்தில் ஊன்றுகின்றது.

"பகையின்றிக் கதை ஏது?" என்று கேட்பார் உண்டு. இளங்கோவடிகள் எந்தப் படையெடுப்பைக் கொண்டு புகார்க் காண்டத்தைப் பாடினார்? ஒரு வணிகக் குடியின் வாழ்வும் பொருளிழப்பும் பிரிவுமே அவருக்குப் போதுமானவையாயிருந்தன.

இதனை ஆலையடிவேம்பிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கரைக்குப் புகார் புதிய ஊரன்று. வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடப்படும்போது, ஏட்டுக் கல்வியில்லாத முதியோரும் கோவலனின் ஊரைச் செவியால் அறிந்தனர். மேலும், ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் எல்லையொட்டிய ஊர்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுகின்றனர். தாய்வழிக் குடிமுறையையும் இரு சாராரும் போற்றி வந்துள்ளனர். அவ்வாறிருந்தும் 1985இலும் 1990இலும் இக்கரை கண்ட பூசல்களை நாம் மறக்கவியலாது. அயலானை ஐயத்தோடு நோக்கும் கதை, இங்கே வெறும் பொழுதுபோக்காக அமைவதில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலைப் பறித்து வைக்காதீர். 'யவன ராணி'யைப் படித்த மாணவன் கையில் பட்டினப்பாலையையும் கொடுங்கள். இரண்டிலும் அயல்நாட்டான் எவ்வாறு காணப்படுகின்றான் என்று அவனையே ஒப்புநோக்கி எழுதச் சொல்லுங்கள். அப்பயிற்சி பெற்ற மாணவருள் ஒருவனோ ஒருத்தியோ நாளை பேனா எடுத்தால், சோழர் துறைமுகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. கல்முனைச் சந்தையும் மருதமுனைத் தறியும் எங்கள் வயல்வெளியும் கரைவலையும் அவர்களுக்காகவே காத்துக் கிடக்கின்றன.