தாலந்தும் மனிதரும்



1967 ஆகஸ்டில் பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ என்ற தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ‘சைகடெலிக் ராக்’ எனப்படும் இசைவகையின் அடித்தளங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. அதிலுள்ள 11 பாடல்களில் எட்டைத் தனித்து இயற்றியவர் சிட் பாரெட். அப்போது அவருக்கு வயது 21. விண்மீன்கள், பூனை, மிதிவண்டி, சோளக்கொல்லைப் பொம்மை ஆகியவற்றை ஒரு குழந்தையின் வியப்போடு அவர் பாடினார். அந்தப் புகழ் தகுதியானதே.

ஆனால் அதே ஆண்டில் அவருடைய மனநலம் குலையத் தொடங்கியது. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளையும் அவர் பயன்படுத்திவந்தார். 1968 ஜனவரியில் ஒருநாள், இசைநிகழ்ச்சிக்குப் புறப்பட்ட தோழர்கள் அவரை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று முடிவு செய்தனர். வண்டி அவர் இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை.

1975இல், லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரையே நினைந்து எழுதிய பாடலில் குழுவினர் ஈடுபட்டிருந்தபோது, அவர் முன்னறிவிப்பின்றி வந்து நின்றார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்த அவரைத் தோழர்களால் உடனே அடையாளம் காண முடியவில்லை. முதல் தொகுப்பு உருவானதும் அதே கூடத்தில்தான். பின்னர் கேம்பிரிட்ஜில் ஓவியம் தீட்டியும் தோட்டம் பேணியும் அமைதியாக வாழ்ந்த அவர், 2006இல் மறைந்தார்.

மேதைமைக்குக் கொடுத்த விலையே அந்தக் குலைவு என்று பேசுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நோய் ஒரு மனிதருக்கு அணிகலன் அன்று. அந்தத் தோழர்களைக் குற்றவாளிகளாக்கவும் எனக்கு மனமில்லை. அவர்களும் இளைஞர்களே; அவருடைய தனித்தொகுப்பு உருவாக அவர்களில் இருவர் பின்னர் உதவவும் செய்தனர். எனினும், அந்த இசைத்தொகுப்பு விட்டுச்சென்ற மரபில் இசையோடு இந்தக் கேள்வியும் அடங்கும்: நாம் நேசிப்பது தாலந்தையா, மனிதரையா?

நம் பாடகர் குழுவில் ஒரு குரல் மூன்று ஞாயிறுகளாகக் கேட்கவில்லையெனில், நாம் முதலில் தேடுவது மாற்றுக் குரலையா, அந்த வீட்டின் வாசலையா? தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பரின் மந்தை நாம். பாட இயலாதவராயினும் அவர் நம்மவரே. இந்த வாரம் உங்கள் வண்டி அந்தத் தெருவுக்குத் திரும்பட்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.