முழு வருகைப் பரிசு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே கதிர்வீச்சு சிகிச்சையில் இருக்கிறாள். வயது 43. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நம் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள்.

"பரிசோதனைக்கு வரச் சொல்லி மூணு தடவை வீட்டுக்கு வந்தாங்களாம் டீச்சர். வீடு பூட்டியிருந்ததால சீட்டைக் கதவுல செருகிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"அப்புறமாவது போயிருக்கலாமேம்மா?"

"ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு. மாசம் ஆயிரம் ரூபா அட்டெண்டன்ஸ் போனசும் போயிடும். உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு லீவுன்னு சூப்பர்வைசர் கேப்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளி ஆண்டு விழாவில் இவளுக்கு முழு வருகைப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தவளே நான்தான்.

பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இவளுக்கு விழிப்புணர்வு இருந்தது. சம்பளம் போகாத அரை நாள்தான் இல்லை.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகப்படும் இடம் வெளுத்துக் காட்டும். சில நிமிட வேலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதே முறையை வைத்து ஆய்வு செய்து, 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். நோய் என்று டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் பரிசோதனைக்குப் போகிறவள் நோயாளி இல்லையே! நோய் வந்தால் பணம் வரும், வராமல் பார்த்துக்கொள்ளப் போனால் சம்பளம் போகும். இது என்ன கணக்கு?

இன்னொன்றும் கவனியுங்கள். கம்பெனிப் பெண்கள் என்றதும் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும் இருபது வயதுப் பிள்ளைகள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். பரிசோதனை தேவைப்படுவது 30 வயது தாண்டியவர்களுக்கு. அவர்களில் பலர் கூட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார்கள். எல்லாம் காண்ட்ராக்ட். கம்பெனியின் மெடிக்கல் செக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா?

என்னிடம் படித்தவர்களில் இன்று எச்.ஆர். ஆக, லைன் லீடராக, லேபர் காண்ட்ராக்டராக இருப்பவர்கள் பலர். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பரிசோதனைக்கு வருடத்தில் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். அன்றைக்கு அட்டெண்டன்ஸ் போனசில் கை வைக்காதீர்கள். 2024-ல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதேபோல் இதையும் அங்கேயே செய்ய ஏற்பாடு கேளுங்கள். பெண் நர்ஸ், மறைவான தனி அறை இரண்டும் வேண்டும். முடிவு அந்தப் பெண்ணின் கைக்கு மட்டும் போகட்டும். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வரமாட்டார்கள்.

தம்பிகளே, உங்கள் மனைவியிடமும் அக்காவிடமும் அம்மாவிடமும் இன்றைக்கே கேளுங்கள். கதவில் செருகிய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் லீவு போடாதே என்று சொன்னவள் நான். இப்போது சொல்கிறேன்: இதற்காக ஒரு நாள் லீவு போடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்