சான்றிதழ் பார்க்காத துரு

என்னுடைய சிறிய கார் 2010-இல் வாங்கியது. ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்த காலத்தில், கல்லூரி ஆசிரியர்கள் பலரும் செய்ததைப் போல நானும் செய்தேன். 15 ஆண்டுகள் நிறைவடைந்ததால், கடந்த மார்ச் மாதம் பதிவைப் புதுப்பிப்பதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். கட்டணம் 5,000 ரூபாய். சேஸிஸ் எண்ணின் மீது தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தார்கள். முகப்பு விளக்கு, ஹாரன், வைப்பர், எண் பலகை ஆகியவற்றைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடங்களில் ஆய்வு முடிந்தது. 2030 வரை இந்த வண்டி சாலையில் ஓடலாம் என்று சான்று கிடைத்தது. வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதங்கள் கழித்து, வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பட்டறையில் வண்டியைக் குழியின் மீது நிறுத்தி, மெக்கானிக் கீழே இறங்கினார். சற்று நேரத்தில் என்னையும் கீழே அழைத்தார். சக்கரத்தை வண்டியின் உடலோடு பிணைத்து நிறுத்தும் லோயர் ஆர்ம் என்ற உறுப்பின் மீது, கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அது பிஸ்கட்டில் இறங்குவதைப் போல உள்ளே இறங்கியது. பின்புற அச்சில் ஸ்பிரிங் அமரும் தட்டு, மண்ணும் ஈரமும் தேங்கியதால் அடுக்கடுக்காக உரிந்து, ஒரு பக்கம் ஓட்டையாகவே போயிருந்தது.

"சார், இத வச்சிக்கிட்டா போன வாரம் மதுரைக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார் அவர். ஆமாம், என் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போய் வந்திருந்தேன். ஓடும்போது லோயர் ஆர்ம் முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். அதன் பிறகு ஸ்டீயரிங் வட்டைத் திருப்பிப் பயனில்லை.

நான் வசிப்பது தூத்துக்குடியில். உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்தினுடையது. கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மீது படிந்து, ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு, துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டு உரிகிறது. உரிந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருப்பிடிக்கிறது. உள்ளீடற்ற உறுப்புகளில் இது உட்புறமிருந்தே நடப்பதால் வெளியே தெரிவதில்லை. போதாக்குறைக்கு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளத்தில், என் வண்டி மூன்று நாட்கள் தண்ணீரில் நின்றது. இன்ஜினைச் சரிசெய்தோம், இருக்கைகளைக் காயவைத்தோம். அடிப்பகுதியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஒரு வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்ற தகவலுக்குப் பதிவுச் சான்றிதழில் இடமும் இல்லை.

மெக்கானிக் மூன்று வழிகளைச் சொன்னார். தகடு வைத்து வெல்டிங் செய்தால் 2,500 ரூபாய். சில மாதங்கள் தாங்கும், எத்தனை மாதம் என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டு லோயர் ஆர்ம், முன்பக்க ஸ்பிரிங்குகள், பின்புற அச்சு எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் கூலியோடு 34,000 ரூபாய். மூன்றாவது வழியைச் சற்றுத் தயங்கியே சொன்னார்: விற்றுவிடலாம். அங்கேயே நின்றிருந்த தரகர் ஒருவர் 90,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகக் கூறினார். அடியில் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால் எதுவும் தெரியாது, முதல் கார் வாங்கக் காத்திருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, "பேப்பர் 2030 வரைக்கும் இருக்கே சார், வேற என்ன வேணும்?"

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பழுதான பழைய காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். சந்தையில் எலுமிச்சைகள் மட்டும் மிஞ்சும். (மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைதான் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது, மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இது.) உத்தரவாதம், உரிமம் போன்ற ஏற்பாடுகள் இந்த இடைவெளியைக் குறைக்கும் என்றும் அகெர்லாஃப் எழுதினார். நானும் அப்படித்தான் கற்பித்தேன். பட்டறைக் குழியில் நின்றபோதுதான், பார்க்காமல் தரப்படும் சான்றிதழ் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது என்பது உறைத்தது. சான்றிதழே இல்லாதிருந்தால் அந்தக் குடும்பம் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டியிருக்கும். அரசின் முத்திரை இருப்பதால் அழைத்து வராது. என் பழுதான வண்டிக்கு அரசே சாட்சி சொல்கிறது.

இன்றைய நடைமுறையில், தனியார் கார் ஒன்றின் உடற்தகுதியை முதல் 15 ஆண்டுகள் யாரும் சோதிப்பதில்லை. புகைச் சான்று மட்டும் குறித்த காலத்தில் வாங்க வேண்டும். வாடகை, சரக்கு வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. இவற்றைத் தானியங்கிச் சோதனை நிலையங்களில் கட்டாயமாக்கும் நாள், 2023 ஏப்ரல் 1 என்று முதலில் குறிக்கப்பட்டுப் பின்னர் 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. இயந்திரச் சோதனையை நான் வரவேற்கிறேன். மனிதத் தலையீடு குறைவது நல்லதே. ஆனால், சஸ்பென்ஷன் சோதனைக் கருவி சக்கரத்தை அதிரவைத்து, ஷாக் அப்சார்பர் அதை எப்படி அடக்குகிறது என்றுதான் அளக்கும். இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அறிய ஒரு டார்ச் விளக்கும், சிறு சுத்தியலும், குழியில் இறங்கத் தயாரான ஒரு மனிதரும் வேண்டும்.

அரசோ வயதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் அறிமுகமான பழைய வாகன அழிப்புக் கொள்கை, தகுதிச் சோதனையை அடிப்படையாகக் கொண்டது என்றுதான் சொல்லப்பட்டது. நடைமுறையில் உயர்ந்தது கட்டணம். 600 ரூபாயாக இருந்த கார் பதிவுப் புதுப்பிப்பு 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் இல்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். அங்கே கவலை காற்று மாசு பற்றியது, அது வேறு வழக்கு. ஆயினும், வயதை மட்டும் வைத்து வண்டியை எடைபோடும் பழக்கம் ஒன்றுதான். கோவையில் நிழலில் நின்ற 15 வயது வண்டியும், தூத்துக்குடி வெள்ளத்தில் நின்ற 15 வயது வண்டியும் ஒரே வயதுதான், இரும்பு ஒன்றல்ல.

பிரிட்டனில் 1960-இல் கட்டாயச் சோதனை தொடங்கியபோது 10 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. கிடைத்த அனுபவத்தால் 1967-க்குள் அதை மூன்று ஆண்டுகளாகக் குறைத்துவிட்டார்கள். சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டுள்ள இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தாங்கும் பகுதி துருவால் வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. பனிக்காலத்தில் அவர்களே சாலையில் உப்பைத் தூவுகிறார்கள் என்பதால் துருவை அவர்கள் நன்கு அறிவார்கள். நமக்கு உப்பைக் கடல் தூவுகிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவற்றில் ஏறத்தாழ 71 விழுக்காடு மிகை வேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. முறிந்த லோயர் ஆர்முடன் பள்ளத்தில் கிடக்கும் ஒரு காரைப் பார்த்து, முறிவு விபத்துக்கு முன்னதா பின்னதா என்று ஆராயும் வசதி எத்தனை காவல் நிலையங்களுக்கு இருக்கிறது? 'ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்' என்று எழுதுவது எளிது.

சோதனையைக் கடுமையாக்கினால் யார் பாதிக்கப்படுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. 34,000 ரூபாயைக் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். தரகர் என்னை விவரம் தெரியாதவனாகவே கருதியிருப்பார். ஒரு பழைய சுமை ஆட்டோவை வைத்து மீன் ஏற்றிச் செல்பவருக்கு அது சில மாத வருமானம். அவரை மிரட்டி அபராதம் விதித்தால், அவர் இடைத்தரகர் மூலம் சான்றிதழ் வாங்கிக்கொள்வார். இரும்பு அப்படியே இருக்கும். கடலோர மாவட்டங்களில் பசுமை வரியாகவும் புதுப்பிப்புக் கட்டணமாகவும் வசூலாகும் தொகையில் ஒரு பங்கை, சோதனையில் தவறிய சிறு வாகன உரிமையாளர்களுக்கு உதிரிபாக உதவியாகத் திருப்பித் தரலாம். குழியில் இறங்கிப் பார்த்ததைப் படமெடுத்து வாகனப் பதிவுத் தரவோடு இணைத்தால், அடுத்து வாங்குபவரும் பார்த்துக்கொள்வார். தனியார் கார்களுக்கு 15 ஆண்டுகள் காத்திராமல், எட்டாம் ஆண்டிலாவது முதல் சோதனை வேண்டும். வெள்ளத்தில் நின்றவற்றுக்கு உடனே வேண்டும்.

என் வண்டி 2030-இல் மீண்டும் அந்த அலுவலகத்துக்குப் போகும். அதற்கு அப்போது 20 வயது. கட்டணம் 10,000 ரூபாயாக இருக்கும். இம்முறை அடியில் பார்க்கச் சொல்லி நானே கேட்பேன். கழற்றிய பழைய லோயர் ஆர்மையும் வண்டியின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு.