வாழையா, வாளையா?

தமிழ் வணிகர்காள்! பெயரின் அருமை உமக்குத் தெரியுமா? அயலார்க்குத் தெரியும். 'குரல்' எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தன் இணையக் களப்பெயராகப் பெற, 2019-இல் ஒரு நிறுவனம் 3 கோடி அமெரிக்க வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தது. ஒருமுறை கேட்டவன் பிழையின்றி எழுதி வந்து சேரவேண்டும், அதற்கே அவ்விலை!

நீவிரோ கடைக்கு 'வாழை' எனப் பெயர் சூட்டிவிட்டு, களப்பெயரை உரோமன் எழுத்தில் பதிகின்றீர். அவ்வெழுத்தில் வாழையும் வாளையும் பலர் கையில் ஒன்றாகிவிடுகின்றன. (மீன் விற்பவர் வேண்டுமானால் மகிழலாம்!) நெடிலுக்கு ஓரெழுத்தா ஈரெழுத்தா, ழகரத்திற்கு எவ்வெழுத்து என்று திகைத்தவன் அடுத்த கடைக்குப் போகின்றான். தமிழெழுத்தில் இத்திகைப்பு ஏது?

வழியில்லை என்று சொல்லாதீர். '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' எனும் தமிழ் ஈறுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளிலேயே இணையத்தில் இடம்பெற்றுவிட்டன. "தமிழ் மின்னஞ்சல் முகவரியைச் சில மென்பொருள்கள் ஏற்பதில்லையே" என்பீர். உண்மைதான். அஞ்சலுக்கு ஆங்கிலப் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்? கடைப்பலகையிலும் துணிப்பையிலும் பொறிக்கும் பெயரையேனும் தமிழில் பதியலாகாதா? பொங்கலுக்கு நீர் அச்சிட்டு வழங்கும் நாட்காட்டிச் செலவுகூட அதற்கு ஆகாதே!